மனைக்கு ஏது கூரை

1957 ஜூலை 15, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தூறல். குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தேன். சவரம் செய்துகொண்டேன். பேனாவுக்கு மை போட்டேன். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் குடையோடு கிளம்பி, அக்ரஹாரத்துத் தெருக்கள் வழியாக நடந்து, பத்து மணிக்கு முன்பே நீதிமன்றத்தில் என் மேசையைத் துடைத்தேன். வ. நாற்காலிக்குப் புது மெத்தை கொண்டுவந்திருக்கிறார். நீலப் பட்டு உறை.

அன்றைய நாட்குறிப்பின் தொடக்கம் இது. "வ." என்று நான் எழுதியிருப்பது வரதராஜனை. என்னோடு வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர். அவருடைய மெத்தையைப் பற்றி நான் ஏன் எழுதி வைத்தேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அகராதியும் சட்டப் புத்தகமும் கொடுத்திருப்பார்கள். அவற்றில் இல்லாத ஒன்றில் நான் தேறியவன். ஜெயித்துவிடுவோமோ என்று பயப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போது எழுதுகிறேன். இனி யாரும் என்னை எங்கும் உயர்த்திவிட முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொள்ளேகால். அந்தத் தாலுகா 1956 நவம்பரில் மதராஸ் மாநிலத்திலிருந்து மைசூருக்கு மாறியது. ஊரோடு வழக்குகள் மாறின. வழக்குகளோடு நானும் மைசூர் நகரத்து நீதிமன்றத்துக்கு மாறினேன். அதுவரை தமிழில் நடந்தவை இனிக் கன்னடத்தில் நடக்க வேண்டும். சாட்சி தமிழில் சொல்வார். நீதிபதிக்குக் கன்னடம் தெரியும், தமிழ் தெரியாது. நடுவில் ஒருவர் வேண்டும். அவருக்காக மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டை ஒட்டி, ஒரு பிரம்பு நாற்காலி போட்டார்கள்.

அந்த நாற்காலி முதலில் எனக்குத்தான் வந்தது. அலுவலகத்தின் தலைமை எழுத்தரை நாங்கள் சிரஸ்தார் என்போம். கன்னடக்காரர். ஊருக்கு வரும் தமிழ் நாடகங்களைப் பார்த்துப் பார்த்தே தமிழ் கற்றவர். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த சேர்ல நீங்க உக்கார்றீங்களா?"

"தொண்டை சரியில்லைங்க. கோர்ட்டுல உரக்கப் பேச முடியாதுங்க."

"அப்போ யாரை உக்கார வெக்கறது?"

"வரதராஜன் இருக்காருங்களே. கணீர்னு குரல்."

அந்தச் சிபாரிசைச் செய்தவன் நான். அந்த நிமிடம் முதல் பொறாமைப்பட்டவனும் நான். எழுதிக் கொடுக்கும் பத்திரங்களை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. பக்கவாட்டு பெஞ்சில் என் இடம். அங்கிருந்து நாற்காலி நன்றாகத் தெரியும்.

வரதராஜன் மேல்கோட்டை வைணவக் குடும்பம். அக்ரஹாரத்தில் பல தலைமுறையாக இருப்பவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வக்கீல்களோடு ஆங்கிலம். மூடிய கழுத்துக் கோட்டு, தலையில் மைசூர்ப் பேட்டா. சாட்சி கோபப்பட்டால் அவர் குரலும் சூடாகும். சாட்சி அழுதால் அவர் குரலும் கொஞ்சம் நனையும். என் நாட்குறிப்பில் அந்த மாதங்களில் அவர்தான் நிறைந்திருக்கிறார். "வ. சொன்ன ஒன்றுக்கு நீதிபதி சிரித்தார்." "பெரிய வக்கீல் ஒருவர் வ.வுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்." "வ.வின் மகனுக்கு இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு." "வ. காபிக்குக் கூப்பிட்டார். போகவில்லை."

அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. அதனால் பொறாமை இன்னும் கசந்தது. மனதுக்குள் திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை.

இதற்கு முன்பும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. கொள்ளேகாலில் இருந்தபோது மேல் பதவிக்கான எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். நேர்முகத்துக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். பேருந்து நிலையத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். விழித்தபோது வண்டி மைசூரில் நின்றது. நேர் எதிர்த் திசை. அதே தடத்தில் எத்தனையோ முறை போய் வந்தவன் நான். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் ஏறிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். நானும் நம்பினேன். இரண்டாவதாக வந்தவருக்கு அந்தப் பதவி போனது. அவர் மீதும் வருடக்கணக்கில் எரிந்தேன்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் தாலுகாவில் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து வந்த வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் காளியப்பன் என்ற இளம் விவசாயி. புகார் கொடுத்தவர் பக்கத்துக்காரர் மாரப்பன். காளியப்பனின் கன்றுக்குட்டி தன் பயிரை மேய்ந்தது என்று மாரப்பன் அதைப் பிடித்துக் கட்டிவிட்டார். விடியும் முன் காளியப்பன் கையில் அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்துக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அரிவாளோடு ஒருவர் வீட்டுக்குள் புகுந்தால் அதற்குச் சிறை; வருடக்கணக்கில் போகும். திறந்த நிலத்தில் நுழைந்தால் அபராதத்தோடு முடியும். எங்கே நுழைந்தான் என்பதுதான் வழக்கு.

மாரப்பன் கூண்டில் ஏறினார். "விடியால எந்திரிச்சுப் பாக்கறனுங்க, இவன் எங்க மனைக்குள்ள அருவாளோட நிக்கறானுங்க" என்றார்.

வரதராஜன் அதைக் கன்னடத்தில் நீதிபதிக்குச் சொன்னார். கன்னடத்தில் "மனெ" என்றால் வீடு. அவர் வீட்டுக்குள் என்று சொன்னார். நீதிபதி வீட்டுக்குள் என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் வீட்டை யாரும் மனை என்று சொல்வதில்லை. வீட்டுக்கு "ஊடு" என்பார்கள். மனை என்பது வீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் காலி நிலம். வைக்கோல்போர் இருக்கும், மாடு கட்டியிருக்கும். நகரத்தில் வளர்ந்த வரதராஜனுக்கு இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலித்த சொல் ஒரே பொருளாகத் தெரிந்துவிட்டது.

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. தப்பு செய்துவிட்டார் என்ற மகிழ்ச்சி. அது அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. நான் எழுந்து சொன்னால் அந்த நாற்காலி என்னிடம் வந்துவிடும். அப்படியே உட்கார்ந்திருந்தேன். மதிய இடைவேளை வந்தது.

வரதராஜன் வராந்தாவில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து எழுத்தர்கள்.

"வாங்கோ சார், புளியோதரை இருக்கு. கையை நீட்டுங்கோ."

"காலைல அந்த மனை, வீடு இல்லீங்க. காலி எடம்."

"யார் சொன்னா?"

"எங்க ஊர்ல அப்பிடித்தானுங்க. வைக்கப்போர் போடற எடத்தைத்தான் மனைம்பாங்க."

அவர் ஒரு கவளத்தை நிதானமாக விழுங்கினார். "உங்க சம்சாரத்தை நீங்க என்னன்னு எழுதறேள்?"

"மனைவின்னு."

"மனைவின்னா யாரு? மனைல இருக்கறவ. அவங்க என்ன சார், வைக்கப்போர்லயா குடியிருக்காங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்புதான். இப்போது எழுதும்போது எனக்கும் வருகிறது. அன்று வரவில்லை.

"கன்னடத்துல மனெ, தமிழ்ல மனை. ரெண்டு பாஷையும் சேர்ந்து சாட்சி சொல்றது. நீங்க ஒருத்தர்தான் இல்லேங்கறேள்."

"நீங்களே மத்தியானம் அந்தாளை ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா சரியாப் போயிருங்க."

"ஜட்ஜ் எதிர்ல நான் சொன்னது தப்புன்னு நானே சொல்லணுமா? பன்னெண்டு வருஷமா இந்தக் கட்டடத்துல இருக்கேன் சார். சும்மா சாப்பிடுங்கோ."

முதலில் அவரிடம் போய்ச் சொன்னது நாகரிகம் என்று நீங்கள் நினைக்கலாம். பாதி நாகரிகம்தான். அவரே திருத்திக்கொண்டால் நான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது மீதிப் பாதி. இந்தப் பயம் எப்போதும் பயமாக வராது. அடக்கம், பெருந்தன்மை, உடல்நலம் என்று நல்ல நல்ல சட்டைகளைப் போட்டுக்கொண்டு வரும். சட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் எந்தத் திசையில் நடக்கிறீர்கள் என்று பாருங்கள்.

மதியம் நீதிபதி காளியப்பனைக் கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "மனைக்குள்ள போனது நெசந்தானுங்க சாமி. இல்லீன்னு சொல்லல. எங் கன்னுக்குட்டிய அவுத்துக்கிட்டு வந்துட்டனுங்க."

வீட்டுக்குள் நுழைந்ததை ஒப்புக்கொள்கிறான் என்று வரதராஜன் சொன்னார். அவனுக்காக அமர்த்தப்பட்ட வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. கட்சிக்காரனே ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வது என்று காகிதங்களைக் கட்டத் தொடங்கினார். காளியப்பன் உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு நின்றான். அந்த நிம்மதிதான் என்னை எழுப்பியது. தன் வாயாலேயே சிறைக்குப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்.

"மகாசுவாமி" என்று எழுந்தேன். இங்கே நீதிபதியை அப்படித்தான் அழைப்பது. முதல் முறை குரல் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

மனை என்ற சொல்லுக்கு அவர்கள் ஊரில் வேறு பொருள் என்று கன்னடத்தில் சொன்னேன். நீதிபதி வரதராஜனைப் பார்த்தார். அவர் எழுந்து, மனைவி என்ற சொல்லை எடுத்து, அழகாக விளக்கினார். நீதிபதிக்குப் புன்னகை வந்தது. அந்தக் கணம் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாடா என்று இருந்தது. எழுந்து சொல்லியாகிவிட்டது, தோற்றும் ஆகிவிட்டது, இனி உட்காரலாம். உட்காரப் பாதி குனிந்துவிட்டேன். கண் காளியப்பன் மீது பட்டது. நிமிர்ந்தேன்.

"அவர் சொல்வதும் வேண்டாம், நான் சொல்வதும் வேண்டாம். புகார் கொடுத்தவரிடமே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்" என்றேன்.

நீதிபதி தலையசைத்தார். மாரப்பனை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள்.

"மாரப்பண்ணா, உங்க மனைக்கு என்ன கூரைங்க? ஓடா, ஓலையா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொள்ளேகால் பேச்சுப் பேசுகிற ஆள் இப்படிக் கேட்கலாமா என்ற பார்வை.

"மனைக்கு ஏதுங்க கூரை? கூரை போட்டா அது ஊடாயிருமில்லீங்க?"

"ஊட்டுக்குள்ள வந்தானுங்களா?"

"ஊட்டுக்குள்ளயா? வந்திருந்தா நான் கோர்ட்டுக்கா வந்திருப்பேன்? அங்கயே பாத்திருப்பனுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் வரதராஜனைப் பார்த்தார்கள். ஆமாம், நாற்காலியில் இருப்பவர் அவர். அந்தப் பதிலை நீதிபதிக்குக் கன்னடத்தில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவர் நினைத்திருந்தால் கூரையைக் கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. ஒரு சொல் விடாமல், மாரப்பனின் எரிச்சலையும் சேர்த்து, அதே கணீர்க் குரலில் சொன்னார். நீதிபதி எழுதியதை அடித்து வேறு எழுதினார்.

அந்த வேளையிலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் குரல் உடைந்திருக்கும்.

காளியப்பன் அடுத்த வாரம் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போனான். தனக்கு என்ன நடக்க இருந்தது என்பது அவனுக்குக் கடைசி வரை புரிந்ததாகத் தெரியவில்லை. கன்றுக்குட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனான்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே சிரஸ்தார் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து கொள்ளேகால் கேஸ் எல்லாத்துக்கும் நீங்கதான் அந்த சேர்ல. ஜட்ஜ் சொல்லிட்டார்."

நான் வாயைத் திறந்தேன்.

"தொண்டை தானே? அதையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

வாசலில் வரதராஜன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். "கூரையைக் கேட்டேளே, நன்னாக் கேட்டேள் சார். எனக்குத் தோணலை" என்றார். பேட்டாவைச் சரி செய்துகொண்டு, தூறலில் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். "தோற்பதிலும் வ. என்னைவிட நன்றாகத் தோற்றார்" என்று அன்று எழுதியிருக்கிறேன். எழுத்து அழுந்திப் பதிந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தொண்டை நிஜமாகவே வலித்தது. மனைவியிடம் சொன்னேன்.

"எப்ப இருந்துங்க?"

"சாயங்காலம் சிரஸ்தார் சொன்னதுல இருந்து."

அவள் வெந்நீரில் உப்புப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குப் பஸ்ஸு மாறிப் போச்சு. இன்னைக்குத் தொண்டை. ஏனுங்க, அவரு உக்காந்தா உங்களுக்கு ஆகாது. நீங்களும் உக்கார மாட்டீங்க. அந்தச் சேரை என்னதான் பண்றது, அடுப்புல வெக்கறதா?"

கொப்பளித்துவிட்டு யோசித்தேன். யோசித்ததை உங்களுக்குத் தருகிறேன். இதற்கு நான் கொடுத்த விலை உங்களுக்கு வேண்டாம்.

தோற்றவனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஜெயித்தவன் உடுப்பு, சிரிப்பு, மகனின் மார்க்கு, மெத்தையின் உறை எல்லாவற்றையும் ஒருவன் பக்கவாட்டு பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். எப்போது தடுக்கி விழுவான் என்று காத்திருப்பான். அந்தப் பார்வை எவ்வளவு கூர்மையானது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தானே. நாற்காலிக்கு நான் பயப்படவில்லை. நான் அதில் உட்கார்ந்தால் என்னைப் போல ஒருவன் என்னைப் பார்ப்பான் என்றுதான் பயந்தேன்.

இன்னொன்றும் உண்டு. "நான் நினைத்திருந்தால் அதில் உட்கார்ந்திருப்பேன்" என்ற எண்ணம் உள்ளே வைத்துப் பூட்டிய நகை மாதிரி. போட்டுப் பார்க்காத வரை தேயாது. உட்கார்ந்துவிட்டால் தினமும் போட வேண்டும், தேயும், எல்லோரும் எடை போடுவார்கள்.

ஆகவே யாரைப் பார்த்தாவது உங்களுக்கு வயிறு எரிந்தால் அந்த எரிச்சலை அணைக்க அவசரப்படாதீர்கள். அவரிடம் உள்ள எது எரிகிறது என்று பாருங்கள். வரதராஜனுடைய பேட்டா எனக்குக் கிடைத்திருந்தால் பெட்டியில் வைத்திருப்பேன். என்னை எரித்தது நாற்காலி ஒன்றுதான். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். நீங்கள் ஓடி வந்தது அதனிடமிருந்துதான். பயம் போன பிறகு திரும்பிப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், அது போகாது. எனக்கு ஓய்வு பெறும் நாள் வரை போகவில்லை. பயத்தோடும் பேசலாம் என்று மட்டும் பழகிக்கொண்டேன். தொண்டை வலியோடும் பேசலாம்.

பொறாமையும் போகவில்லை. வரதராஜன் பின்னாளில் என்னைவிட மேலே போனார். அந்தச் செய்தி வந்த அன்று நாட்குறிப்பில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: "வ.வுக்கு உயர்வு. வாழ்த்தினேன். காபிக்குப் போனேன்." முன்பு போகாதவன் போனேன் என்பதை மட்டும் கவனியுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தூறல் விட்டிருந்தது. தொண்டை வலி இருந்தது. நான் போனபோது கூடத்தில் கூட்டுகிறவரைத் தவிர யாரும் இல்லை. நாற்காலி அதே இடத்தில் இருந்தது. நீலப் பட்டு மெத்தையைக் காணோம். வரதராஜன் எனக்கு முன்பே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மெத்தை இருந்தவரை தெரியாதது இப்போது தெரிந்தது. நடுவில் பிரம்பு கிழிந்து, முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கவாட்டு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்துவந்த இடத்தில் அந்த மெத்தை போட்டிருந்தது; இனி அது அவர் இடம். அங்கிருந்து நாற்காலி நன்றாகத் தெரியும்.

வேறு எதையும் தொடுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிரம்பு குத்தியது. எழுந்திருக்கவில்லை.